மேற்கே ஒரு மாடி எழும்புகிறது

1

மும்தாஜ் அக்காவின் குரல்செய்தி வந்தபோது நான் கோவென்ட்ரியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு கையும் மாவு. பொறுமை இல்லாமல் மூக்கு நுனியால் போனைத் தட்டி ஓடவிட்டேன்.

"ஸ்டெல்லா! பர்மிஷன் வந்துருச்சுடீ! மாடி கட்டப் போறோம்! ஹாலு, ரூமு, கிச்சனு எல்லாம் பிளான்ல போட்டாச்சு. உங்க கொய்யா மரத்தப் பாத்த மாதிரி ஒரு ஜன்னலு வேற! நீ ஊருக்கு வந்தா அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நானு, நாள் பூரா உக்காந்து பேசலாம்!"

பின்னால் காஜா பாய், "மெதுவா பேசு, அவளுக்கு அங்கேந்தே கேக்கும்" என்று சொல்வதும் கேட்டது. பல்லாவரத்தில் தோல் பைக் கடை வைத்திருக்கும் காஜா பாயும் அவர் மனைவி மும்தாஜ் அக்காவும் பம்மலில் எங்கள் மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான் தாவணி கட்டுவதற்கு முன்பிருந்தே. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் வீட்டுச் சாவி அக்காவிடம்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விட்டு, குழாயைத் திருகிப் பார்த்துப் பூட்டுவார்.

அந்தச் செய்தியைக் கேட்டு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மாவுக் கையோடு அப்படியே நின்றேன். ஏனென்றால் அந்த வீட்டை விற்பதற்காகத்தான் நான் சென்னைக்கு டிக்கெட் போட்டிருந்தேன். அக்காவுக்கு அது தெரியாது.

2

ஏன் விற்க வேண்டும்? ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். ஆணி அடிக்கத்தான், வேறெதற்கு!

சிரிக்காதீர்கள். இங்கே இத்தனை வருடமாக வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் போட வேண்டும். அவர் ஏஜென்டுக்கு அனுப்புவார், ஏஜென்ட் மறுப்பார். அப்பா அம்மாவின் கல்யாணப் படம் இன்றுவரை அலமாரிமேல் சாய்ந்துதான் நிற்கிறது. வீட்டைச் சோதிக்க ஆள் வரும் நாளில் என் கணவர் டேனியல் வாசனை போகட்டுமென்று எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பார். மீன் குழம்பு வைப்பதையே ஒரு குற்றம்போலச் செய்து பழகிவிட்டோம்.

இந்த நிலையில் ஒரு வீடு அமைந்தது. சிவப்புச் செங்கல், பின்னால் கொஞ்சம் புல்தரை, எங்கள் கைக்கு எட்டும் தூரம். பம்மல் வீடு விற்றால் மட்டும் எட்டும் தூரம்! அதை விற்கவிருந்த மார்கரெட் என்ற அம்மையார் எங்களை வாசலில் வைத்தே ஒன்று சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் நீட்டிக் கட்ட அனுமதி வாங்கியிருக்கிறார், கட்டினால் சமையலறையில் வெளிச்சம் குறையும், யோசித்து முடிவு செய்யுங்கள் என்று. இந்த ஊரில் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் எங்களுக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. இவ்வளவு நேர்மையானவரின் வீடு நல்ல வீடாகத்தான் இருக்கும் என்று திரும்பி வரும் பேருந்திலேயே முடிவு செய்தோம். இந்தக் கோடைக்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் சொன்னதும் நேர்மையாகத்தான் இருந்தது.

என் மகள் ரூத்துக்குப் பதினாறு வயது. "உங்க வீட்டை விக்கப் போறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நம்ம வீடு என்று சொல்லவில்லை. அங்கே அவள் மொத்தமாக இரண்டு பள்ளி விடுமுறைதான் தங்கியிருக்கிறாள். அவளுக்கு அந்த வீடு என்றால் கொசு, கரண்ட் போவது, மும்தாஜ் ஆன்ட்டியின் பிரியாணி. அந்த மூன்றில் ஒன்றாவது நன்றாக நினைவிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

3

விமானம் இறங்கி, ஷேர் ஆட்டோவிலிருந்து பம்மலில் இறங்கும்போது கோவென்ட்ரி பழக்கத்தில் டிரைவருக்கு உரக்க ஒரு தேங்க்யூ சொன்னேன். ஆட்டோ முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் சில்லறை குறைவாகக் கொடுத்துவிட்டோமோ என்று பையைத் தடவினார்.

சேகர் என்ற புரோக்கரை வைத்தேன். ரொம்பச் சுறுசுறுப்பு. மொட்டை மாடிக்கு ஏறி ஒரு சுற்றுப் பார்த்ததுமே துள்ளினார்.

"மேடம், வெல தெரியாம வெச்சிகினு கீறீங்க! இங்கேந்து திருநீர்மலை தெரியுது பாருங்க! பெருமாள் மலை! இது ஒண்ணு போதும் மேடம், வூடு பிச்சிகினு போவும்."

உண்மைதான். மேற்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்தாற்போல், காஜா பாய் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே மலையும் கோபுரமும் துல்லியமாகத் தெரியும். நாங்கள் சர்ச்சுக்குப் போகும் குடும்பம் என்றாலும் அப்பா காலைக் காபியை அந்த மலையைப் பார்த்துக்கொண்டுதான் குடிப்பார். அக்கா மாடி கட்டினால் அது மொத்தமாக மறைந்துவிடும்.

எனவே நான் மார்கரெட் ஆனேன். வீடு பார்க்க வந்தவர்களிடம் வாசலிலேயே சொன்னேன்: "பக்கத்து வீட்டுக்கு மாடி கட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. மலை மறையும். மேற்குப் பக்கக் காற்றும் கொஞ்சம் குறையும். யோசித்து முடிவு செய்யுங்கள்."

முதலில் வந்தவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்தவர் உள்ளேயே வரவில்லை. அதற்கடுத்த குடும்பம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தெருவில் நின்று கிசுகிசுத்தது. சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா மேடம் நீங்க! அவங்க கேட்டாங்களா? செருப்பக்கூட கயட்டல, அதுக்குள்ள பக்கத்து வூட்டு கதய ஆரம்பிச்சிட்டீங்க. விக்கிறவங்களே வந்து கொற சொன்னா ஜனங்க இன்னா நெனைக்கும்? இதயே வெளிய சொல்றாங்கன்னா உள்ள எவ்ளோ கீதோன்னு நெனைக்கும்! டீக்கடைல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? பக்கத்து வூட்டோட கேஸ் நடக்குதாம். செவுத்துத் தகராறாம். பேஜார் பண்றீங்க மேடம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோவென்ட்ரியில் மரியாதை வாங்கித் தந்த அதே வாக்கியம் பம்மலில் வில்லங்கமாகிவிட்டது!

"ஒண்ணு பண்லாம்," என்றார் சேகர், குரலைத் தாழ்த்தி. "பிளான் சரியில்லன்னு பக்கத்து வூட்டு மேல ஒரு பெட்டிஷன் தட்டி வுட்டா கொஞ்ச நாளு வேல நிக்கும். அதுக்குள்ள நம்ம வூட்ட முட்ச்சிடலாம்."

"அவங்க எங்க அக்கா மாதிரி, சேகர்."

"அப்போ அக்காகிட்டயாச்சும் விக்கிறேன்னு சொல்லிட்டீங்களா?"

அதுதான் கூத்தே. அக்காவின் திட்டத்தை ஊர் முழுக்கச் சொன்ன நான், என் திட்டத்தை அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுவேன். அதற்குள் மதில்மேல் ஆப்பமும் தேங்காய்ப்பாலும் வந்து நிற்கும். "ஜன்னலு இன்னும் கொஞ்சம் பெருசா வெக்கச் சொல்லட்டாடீ?" என்ற கேள்வியும் வரும். ஆப்பத்தை வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது? யார் யாரோ வந்து போகிறார்களே என்று அவர் கேட்டபோது சேகர் முந்திக்கொண்டு வாடகைக்குப் பார்க்கிறார்கள் என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விற்பதென்றால் முதல் வார்த்தை பக்கத்து வீட்டுக்கு. கையில் கொஞ்சம் இனிப்போடு போய், இப்படி ஒரு யோசனை, உங்களுக்கு வேண்டுமா, இல்லை உங்களுக்குத் தெரிந்து யாருக்காவது வேண்டுமா என்று கேட்க வேண்டும். அவர்கள் வாங்கப் போவதில்லை என்று தெரிந்தாலும் கேட்க வேண்டும். மூலை வீட்டார் விற்றபோது அம்மாவிடம் மைசூர்பாகோடு வந்து கேட்டார்கள். அம்மா மைசூர்பாகை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லி, அழுதார். வெளிநாட்டு விதிமுறையை இம்மி பிசகாமல் கடைப்பிடித்த எனக்கு இந்த விதி நினைவில்லாமல் இல்லை. தைரியம்தான் இல்லை.

4

நாள் ஓடிக்கொண்டிருந்தது. டேனியல் தினமும் போனில், "மார்கரெட் கேக்குறாங்க" என்பார்.

அப்போதுதான் ரகுநாதன் சாரும் வேதவல்லி மாமியும் வந்தார்கள். சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடுவாஞ்சேரியில் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், தனி வீட்டுக்கு ஆசை. இந்த முறை வாயைத் திறக்க மாட்டேன் என்று சேகர் என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தார். கூடம், சமையலறை, கிணறு, கொய்யா மரம் எல்லாம் காட்டினேன். வாய் திறக்கவில்லை.

மொட்டை மாடிக்கு ஏறியதும் மாமி கத்தினார்.

"ஏன்னா, இங்க வாங்கோ! மலை தெரியறது! பெருமாள் மலைன்னா!"

அப்படியே கை கூப்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர். எல்லாம் முடிந்தது, வீடு விற்றுவிட்டது என்று சேகர் எனக்குக் கண் காட்டினார்.

அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? நீங்களே சொல்லுங்கள்.

"மாமி, பக்கத்து வீட்டுல மாடி கட்ட அனுமதி வாங்கியிருக்காங்க. கட்டினா மலை தெரியாது."

சேகர் வானத்தைப் பார்த்தார். மாமியின் கை மெல்லக் கீழே இறங்கியது. ஆனால் ரகுநாதன் சார் விறுவிறுவென்று போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தார். இடமும் வலமும் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"வேதா! மேற்குடி! சுத்தமான மேற்கு! மேற்கே உசரமா இருந்தா அமோகம்னு வாஸ்துக்காரர் தலைப்பாடா அடிச்சுண்டாரே! அதுக்காக நாமளே செலவழிச்சுச் சுவர் எழுப்பணும்னு இருந்தோம். இங்க அடுத்தாத்துக்காராளே கட்டித் தரா! சாயங்கால வெயிலும் உள்ள வராது."

நான் வாயைப் பிளந்தேன். நான் இத்தனை நாளும் ஊரெல்லாம் குறை என்று சொல்லித் திரிந்தது இந்த மனிதருக்கு வரமாக இருந்தது!

"உங்களுக்குச் சுவர் வேணும். எனக்கு மலை வேணும்," என்றார் மாமி. "இத்தனை நாழி காட்டிட்டு மூடப் போறான்னா எனக்கு மனசு ஆறலை."

"அது கிடக்கட்டும்," என்று சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அடுத்தாத்தோட ஏதோ கேஸ்னு டீக்கடையில சொன்னாளே? அது மட்டும் எனக்கு ஆகாது. அவா வாயால இல்லைன்னு சொல்லணும். அப்புறம்தான் மத்தது."

"கேஸெல்லாம் எதுவும் இல்ல சார்," என்று ஆரம்பித்தேன். பக்கத்து மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வை விலகியது. பின்னாலிருந்து மும்தாஜ் அக்கா வந்தார். கையில் துணிக் கிளிப்புகள்.

"யாரு வீட்ட யாரு விக்கிறா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

5

சாரையும் மாமியையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். வெறுங்கையோடு. அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாடகைக்குன்னு சொன்ன."

"சேகர்தான் சொன்னாரு."

"நீ இல்லைன்னு சொன்னியா?"

நானும் தரையில் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்தேன்.

"உங்க அப்பா மௌத்தாப் போனப்ப நீ வந்து சேர ரெண்டு நாளாச்சு. அதுவரைக்கும் அந்த வீட்ல வெளக்கு அணையாம பாத்தது யாரு? உங்க அம்மா இருந்திருந்தா புரோக்கரு காதுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வாசல்ல வந்து நின்னிருக்கும். நீ என்னடான்னா எவன் எவன்கிட்டயோ எங்க பிளான சொல்ற. எங்கிட்ட உன் பிளான சொல்லல."

"பயமா இருந்துச்சுக்கா."

"என்ன பயம்?"

"சொன்னா நீங்க அழுவீங்கன்னு."

"அழுவேன்தான்! அழுதா என்ன, செத்தா போயிருவேன்?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதேன். பூண்டுத் தோல் எங்கள் இருவர்மேலும் ஒட்டியிருந்தது. எதற்காக விற்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மார்கரெட், கோடை, சுவரில் அடிக்க முடியாத ஆணி, அலமாரிமேல் சாய்ந்து நிற்கும் கல்யாணப் படம். படத்தைப் பற்றிச் சொன்னதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆணிகூடவா அடிக்க வுட மாட்டாங்க? என்ன ஊரு அது?"

"அப்படித்தான்க்கா."

"அப்ப வித்துடு." கை ஊன்றி எழுந்தார். "முறையா கேளு மொதல்ல."

கேட்டேன். அக்கா, வீட்டை விக்கலாம்னு இருக்கேன், உங்களுக்கு வேணுமா என்று, சமையலறையில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி.

"வேணாம்மா. எங்களுக்கே மாடி கட்ட நாக்கு தள்ளுது. நல்ல மனுசங்களா பாத்துக் குடு," என்றார் அக்கா. தலையில் முக்காட்டைச் சரிசெய்தார். "எங்க அந்த மாமி?"

அதற்குப் பிறகு நான் எதுவுமே செய்யவில்லை. அக்கா எங்கள் கூடத்துக்குள் புயலாக நுழைந்தார்.

"கேஸா? எங்களுக்குள்ளயா? இவ எங்க வீட்டு முருங்கைக்காயத் தின்னு வளந்தவ சார். யாரு சொன்னா கேஸுன்னு? எந்தக் கடை? வாங்க, இப்பவே கேக்கலாம்."

"வேண்டாம்மா, வேண்டாம், நீங்க சொன்னதே போதும்," என்று சார் எழுந்தே விட்டார்.

அக்கா மாமியிடம் திரும்பினார். "மாமி, மலைதானே? அது எங்கியும் போகாது. எங்க மாடி வந்தா அதுக்கும் மேல மொட்டை மாடி வரும்ல? உங்க மாடியவிட ஒசரம். படி வெளியிலதான் வெக்கிறோம். வாசக் கேட்டு தொறந்தேதான் கெடக்கும். ஏறி வந்து பாருங்க."

"தினம் வருவேன். பரவாயில்லையா?" என்றார் மாமி, நம்பாமல்.

"தினம் வாங்க. முட்டி வலிச்சா சொல்லுங்க, கைப்பிடி போடச் சொல்றேன்."

மாமி சிரித்துவிட்டார். சார் அங்கேயே, அப்போதே, முன்பணத்தை எடுத்தார். சேகர் என் காதருகே வந்து, "மேடம், இனிமே நானும் எல்லார்கிட்டயும் உண்மையத்தான் சொல்லப் போறேன்" என்றார். அது எத்தனை நாளைக்கோ! நான் தெருவுக்கு ஓடிப்போய் டேனியலை அழைத்தேன். அங்கே விடியவே இல்லை. "வித்தாச்சு! வித்தாச்சு!" என்று நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

6

பதிவு அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். வாரிசுச் சான்றிதழில் ஸ்டெல்லா மேரி, பாஸ்போர்ட்டில் ஸ்டெல்லா டேனியல். இரண்டும் ஒருத்திதான் என்று இன்னொரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புகைப்படம், கைரேகை. கடைசியாகப் பத்திரம் எழுதுபவர் கேட்டார்.

"நிரந்தர முகவரி சொல்லுங்க மேடம்."

நான் கடகடவென்று சொன்னேன். கதவு எண், தெரு, பம்மல். அவர் பேனாவை நிறுத்தினார்.

"மேடம், அதத்தான் இப்ப விக்கிறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன், சத்தமாகவே. பிறகு கோவென்ட்ரி வாடகை வீட்டு முகவரியைச் சொன்னேன். அதையும் இன்னும் கொஞ்ச நாளில் மாற்றப் போகிறோம். ஆக அந்த நிமிடத்தில் எனக்கு நிரந்தரமாக எந்த முகவரியும் இல்லை. சந்தோஷம் அப்படியே இருந்தது, அதன் நடுவில் எதுவோ குளிர்ந்தது.

திரும்பி வந்து அக்காவிடம் இருந்த சாவியைக் கேட்டேன். அக்கா தன் கொத்திலிருந்து அதைக் கழற்றினார். லேசில் வரவில்லை, வளையம் இறுகியிருந்தது. கழற்றி, கூட வந்திருந்த மாமி கையில் அவரே கொடுத்தார். "பின் கதவு கொஞ்சம் தூக்கித் தள்ளணும்" என்று மட்டும் சொன்னார்.

நான் கிளம்பும் மாலை. பெட்டிகள் காஜா பாய் வீட்டில். அக்கா என்னைத் தன் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். மேஸ்திரி வந்து போயிருந்தார். தரை முழுக்கச் சுண்ணாம்புக் கோடுகள். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, ஆனால் அக்கா ஒரு முழு வீட்டையே காட்டினார். இது ஹாலு, இது கிச்சனு, இது பையனும் மருமகளும் இருக்கப் போற ரூமு. அவர் கை காட்டக் காட்ட எனக்கும் சுவர்கள் எழும்பின. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மலைமேல் கோபுரம் கறுத்துத் தெரிந்தது.

மூலையில் இன்னொரு சின்னக் கட்டம். அதன் கிழக்குப் பக்கக் கோட்டில் ஜன்னலுக்கு விட்டிருக்க வேண்டிய இடைவெளியைக் காணவில்லை. அந்தப் பக்கம்தான் எங்கள் கொய்யா மரம்.

"ஜன்னல் எங்கக்கா?"

"மாத்திட்டேன். மலைப் பக்கம் வெக்கச் சொல்லிட்டேன்." அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார். "இந்தப் பக்கம் வெச்சா காலைல கண்ணு முழிச்சதும் அந்த வீடுதான் தெரியும். உனக்கு எதுக்கு அது?"

"எனக்கா?"

"பின்ன? இது உன் ரூமுதான். ஊருக்கு வந்தா லாட்ஜுலயா தங்குவ? ரூத்து பெரியவளாகி வந்தாலும் இங்கதான். கட்டில் ஒண்ணு சொல்லியிருக்கேன். அந்தப் படத்துக்கு ஒரு காப்பி போட்டு அனுப்பு, இங்கயும் ஒரு ஆணி அடிக்கலாம்."

இத்தனை நாளும் எந்த மாடிக்குப் பயந்தேனோ, யாரைப் பார்த்தாலும் எந்த மாடியைப் பற்றி எச்சரித்தேனோ, அதற்குள் எனக்கொரு அறை இருந்திருக்கிறது. சுண்ணாம்புக் கோட்டில் காலை வைத்தபடி நின்றேன்.

அக்கா அதட்டினார்.

"செவுத்து மேல ஏன்டி நிக்கிற? வாசல் இந்தப் பக்கம். உள்ள வா."